மதிய அறையில் ஒரு வெள்ளை மாத்திரை

மனித வரலாற்றில் பயத்தினால் ஒரே ஒரு நல்ல காரியம்கூட இதுவரை நடந்ததில்லை.

இந்தப் பேருண்மை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில், காலைச் சாப்பாட்டு மேசையில், வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி வெளியிடப்பட்டது. வெளியிட்டவன் கல்லூரியில் அறவியல் நடத்தும் விரிவுரையாளன். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவனுடைய மாமனார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இன்னொருத்தி அவன் மனைவி. அவள் கேட்டாளா என்பது சந்தேகம்தான். ஒரு காலில் செருப்போடு இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சிக்னல்ல சிவப்பு விழுது. ஒருத்தன் வண்டியை நிறுத்துறான். ஏன் நிறுத்துறான்? அபராதத்துக்குப் பயந்து. அவனுக்கு அறக்கணக்குல எத்தனை மார்க் மாமா? பூஜ்யம்."

"நிறுத்தாம போனா?" என்றார் மாமனார்.

"அதுவும் பூஜ்யம்தான். ஆனா அதுல ஒரு நேர்மை இருக்கு."

மாமனார் தோள் குலுங்கச் சிரித்தார். மருமகன் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது. புரிந்த பாதியில் சம்மதம் கிடையாது. ஆனால் மகளைச் சீண்டுகிற பேச்சு என்றால் டிக்கெட் வாங்காமலே கடைசி நிறுத்தம்வரை கூட வருவார்.

சீண்டலுக்குக் காரணம் அந்த வீட்டுச் சட்டம். மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை. அங்கே ஒரு ரத்தப் பை வெளியே போவதற்கு முன் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அதன் மேல் ஒட்டியிருப்பதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் படிப்பார், மற்றவர் திருப்பிச் சொல்வார். மனசுக்குள் படித்தால் செல்லாது. மாமனாருக்கு நாடித் துடிப்பு தாறுமாறாகி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு, அவள் அந்த வழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மாத்திரையை உள்ளங்கையில் வைக்க வேண்டும். ஒருவர் அட்டையைப் பார்த்துப் பெயரைப் படிக்க வேண்டும். இன்னொருவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் தண்ணீர்.

"ரெண்டு படிச்ச ஜனங்க ஒரு மாத்திரைக்கு முன்னாடி கைகட்டி நின்னு பாடம் ஒப்பிக்கிறாங்க," என்பான் விரிவுரையாளன். "இது அக்கறை இல்ல மாமா. நடுக்கம். அக்கறை மாதிரி வேஷம் போட்ட நடுக்கம்."

"நடுக்கம்தான்," என்பாள் அவள். "உனக்கு வராததால எனக்கே சேர்த்து வருது."

அன்று காலை மாத்திரைகள் சட்டப்படி ஒப்பிக்கப்பட்டு உள்ளே போய்விட்டன. அவற்றில் முக்கியமானது இதயத்துக்கான சிறிய வெள்ளை மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் காலையில் மட்டும். 'ரெண்டாவது ஒண்ணு போனா ஹார்ட் நிதானமாயிடும். அப்புறம் ரொம்ப நிதானமாயிடும்' என்று டாக்டர், வானிலை அறிக்கை வாசிப்பதுபோலச் சொல்லியிருந்தார். மதியத்துக்கு எலும்புக்கான ஒரு மாத்திரை உண்டு. அதுவும் சிறியது, அதுவும் வெள்ளை. மதியம் மாமனார் தனியாக இருப்பார் என்பதால், அதை முன்கூட்டியே இரண்டு பேர் பார்த்து, காலை, மதியம், இரவு என்று மூன்று அறைகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மதியச் செய்தி முடிந்ததும் அவர் அதை எடுத்து விழுங்குவார்.

"மதியத்துக்குள்ளதை வெச்சிடு வாத்தியாரே," என்றாள் மனைவி, கிடைத்துவிட்ட செருப்பை மாட்டியபடி. "எனக்கு நேரமாச்சு. அப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டு வை."

விரிவுரையாளன் அட்டையிலிருந்து மதிய மாத்திரையைப் பிதுக்கினான். அப்போதுதான் அவனுக்கு ஓர் உதாரணம் தோன்றியது. உதாரணம் தோன்றினால் தும்மல் மாதிரி, அடக்க முடியாது. இதய மாத்திரை அட்டையையும் எடுத்து அதிலிருந்தும் ஒன்றைப் பிதுக்கினான். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"இங்க பாருங்க மாமா. ரெண்டும் வெள்ளை. ரெண்டும் வட்டம். பார்த்தா ஒண்ணுதான். உள்ள இருக்கிறது வேற வேற. நாம செய்யுற காரியமும் இப்படித்தான். ஒருத்தன் அன்பால செய்யுறான், ஒருத்தன் பயத்தால செய்யுறான். வெளிய ஒண்ணு போலத் தெரியும். ஆனா நோக்கத்துலதான் அறமே இருக்கு." பேசப் பேச, மாத்திரைகளை மேசைமேல் இடம் மாற்றி, திருப்பி இடம் மாற்றி, அன்பைப் பயத்தின் இடத்துக்கும் பயத்தை அன்பின் இடத்துக்கும் நகர்த்தினான்.

"அது சரி மாப்ள, எதை முழுங்கணும்?"

"அது பயப்படுறவங்க கேக்குற கேள்வி."

மாமனாருக்கு மறுபடி தோள் குலுங்கியது. மனைவி வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்த ரெண்டாவது எதுக்கு வெளிய வந்துச்சு?"

"உதாரணத்துக்கு."

"மருந்துல என்னய்யா உதாரணம்? படிச்சுட்டு வை."

"பயந்தாங்கொள்ளிச் சங்கத் தலைவி கிளம்புறாங்க. எல்லாரும் வழி விடுங்க," என்றான் அவன். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது.

ஒரு மாத்திரை பெட்டியின் மதிய அறைக்குள் போனது. பிதுக்கியதைத் திரும்ப அட்டைக்குள் செருக முடியாது என்பதால் மற்றது அவனுடைய சட்டைப் பைக்குள் போனது. எதையும் யாரும் படிக்கவில்லை.

அன்று அவனுக்குப் பெரிய நாள். சில வருஷங்களாக அவன் அந்தக் கல்லூரியில் தற்காலிகம். தற்காலிகம் என்றால் அவன் நாற்காலி மட்டும் நிரந்தரம், அதில் உட்காருகிற ஆள் அல்ல. அன்று துறைத் தலைவரான அம்மையார் அவன் வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்; பிடித்திருந்தால் ஆளும் நிரந்தரம். அவன் பலகையில் மூன்று வார்த்தைகள் எழுதினான்: விளைவு, கடமை, குணம். ஒரு காரியம் நல்லதா என்று கேட்க மூன்று வழிகள். அதனால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். அதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோமா என்று பார்க்கலாம். நல்ல மனிதன் ஒருவன் அந்த இடத்தில் என்ன செய்வான் என்று பார்க்கலாம்.

"இந்த மூணுல எங்கயாவது பயம்னு ஒரு வார்த்தை இருக்கா?" என்று கேட்டான். வகுப்பு பலகையைத் தேடியது. "இல்ல. ஏன்னா பயத்துக்கு அறத்துல இடமே கிடையாது."

கடைசி பெஞ்சில் துறைத் தலைவரின் பேனா அசைந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பலகையில் நான்காவதாகப் 'பயம்' என்று எழுதி, அதன்மேல் கோடு போட்டு அடிப்பது அவன் திட்டம். சாக்பீஸை எடுக்கச் சட்டைப் பைக்குள் விரலை விட்டான். சாக்பீஸோடு மாத்திரையும் வந்தது.

உதாரணம் கூடவே வந்துவிட்டது என்று முதலில் உள்ளுக்குள் சிரித்தான். பிறகு, சும்மா, விரலால் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கமும் வழவழப்பு.

இதய மாத்திரையின் ஒரு பக்கத்தில் மட்டும் நடுவே ஒரு கோடு உண்டு. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பாதி மாத்திரைதான் கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் கோட்டில் நகத்தை வைத்து அவனே எத்தனையோ தடவை உடைத்திருக்கிறான்.

கையில் இருந்ததில் கோடு இல்லை. அப்படியென்றால் கோடு போட்டது பெட்டியில் இருக்கிறது.

வகுப்பறை அப்படியேதான் இருந்தது. மின்விசிறி சுற்றியது, யாரோ இருமினார்கள், ஜன்னலோரப் பையன் வழக்கம்போல் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினான். சுவரில் கடிகாரம் மதியச் செய்திக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று காட்டியது.

"பக்கத்துல உள்ளவங்களோட விவாதிங்க," என்று சொல்லிவிட்டு அவன் தாழ்வாரத்துக்கு வந்தான். சொல்ல ஒன்றும் இல்லாத ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வது அதுதான். மாமனாரின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. அவர் போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு, கூடத்தில் ஊருக்கே கேட்கும்படி டிவி வைத்திருப்பார். மனைவியை அழைத்தான். ரத்த வங்கிக்குள் போன் கூடாது. பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவாள். பக்கத்து வீட்டுக்காரரை அழைக்கலாம். அவர் எண் இவனிடம் இல்லை. 'எதுக்கும் இருக்கட்டும்னு நம்பர் வாங்கி வெச்சுக்கிறதே ஒரு வியாதி' என்று மனைவியிடம் சொன்னவன் இவன்தான்.

திரும்ப உள்ளே வந்து பலகையைப் பார்த்தான். மூன்று வார்த்தைகளும் அவனைப் பார்த்தன. படித்த படிப்புக்கு மரியாதை கொடுத்து ஒவ்வொன்றிடமும் போய்க் கேட்டான்.

விளைவு சொன்னது: வேலை நிரந்தரமானால்தான் மாமனாருக்கு வருஷம் முழுக்க மாத்திரை வாங்க முடியும். ஒரு மாத்திரைக்காக வருஷத்து மாத்திரைகளை விடலாமா? பெட்டியில் வைக்கும்போது சரியாகவே வைத்திருக்கவும் கூடும். இவன் பையில் இருப்பது வேறு கம்பெனி மாத்திரையாகவும் இருக்கலாம். இரு.

கடமை சொன்னது: வகுப்பு நடத்துவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய். எல்லோரும் நடு வகுப்பில் எழுந்து போனால் உலகம் என்ன ஆவது? இரு.

குணம் சொன்னது: தைரியசாலி ஒரு சந்தேகத்துக்காக வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவானா? இரு.

மூன்றும் எவ்வளவு இதமாகப் பேசின என்பதுதான் அவனை இன்னும் நடுங்க வைத்தது. இத்தனை வருஷமும் இவற்றிடம் கேட்டபோதெல்லாம் பதில் இவனுக்குச் சௌகரியமாகவே வந்திருக்கிறது. அதை ஞானம் என்று நினைத்திருந்தான்.

"சார்." ஜன்னலோரப் பையன் விழித்திருந்தான். "ஒரு சந்தேகம் சார். பயந்து போய் ஒருத்தன் இன்னொருத்தனைக் காப்பாத்திடுறான்னு வைங்க. காப்பாத்தினவனுக்கு மார்க் பூஜ்யம், சரி. காப்பாத்தப்பட்டவனுக்கு என்ன சார் வித்தியாசம்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மாமனாரின் உள்ளங்கை கண்ணுக்கு முன்னால் வந்தது. டிக்கெட்டும் சில்லறையும் வாங்கி வாங்கி ரேகை மழுங்கிப்போன உள்ளங்கை. அது மேலே போகிறது, வாய் திறக்கிறது. அப்புறம் நாற்காலியில் தலை ஒரு பக்கம் சாய்கிறது. டிவி மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது.

"மன்னிக்கணும்," என்றான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. சாக்பீஸை மேசைமேல் வைத்தான், மாத்திரையைக் கைக்குள் இறுக்கினான், கடைசி பெஞ்சின் பக்கம் பார்க்காமல் வெளியே நடந்தான். கதவுவரை நடந்தான். அப்புறம் ஓடினான்.

வாசலில் டாக்ஸி கிடைத்தது. "சீக்கிரம்ணே," என்றான். டிரைவர் சீக்கிரமாகத்தான் ஓட்டினார். வீட்டுக்குத் திரும்பும் சாலையின் முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. குறுக்கே ஒரு வண்டியும் இல்லை.

"போயிடுங்கண்ணே. யாரும் வரல."

"கேமரா இருக்கு தம்பி. ஏற்கெனவே ஒருவாட்டி மாட்டினேன். பயமா இருக்கு."

"உயிர் போற விஷயம்ணே."

டிரைவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். அந்த நேரத்தில் நின்றிருந்த லாரியின் மறைவிலிருந்து குழந்தையை உட்கார வைத்த தள்ளுவண்டியோடு ஒரு பெண் சாலையைக் கடந்தாள். டாக்ஸியின் முன்பக்கத்தை உரசாத குறையாகக் கடந்தாள். குழந்தை ஒரு கையை ஆட்டிக்கொண்டே போனது. பச்சை விழுந்தது.

லிஃப்ட் மேலே எங்கோ நின்றிருந்தது. படிகளில் ஏறினான். நான்காவது மாடிக்கு வந்தபோது வாயில் இரும்பு ருசித்தது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே டிவியில் செய்தி முடிந்து, ஒரு பெண் சோப்பின் மணத்தை வியந்துகொண்டிருந்தாள்.

"மாமா."

நாற்காலி காலி. பக்கத்து முக்காலியில் தண்ணீர் டம்ளர், அதில் பாதித் தண்ணீர். மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது. மாத்திரைப் பெட்டி திறந்திருந்தது. மதிய அறைக்குள் ஒன்றும் இல்லை. விரலை விட்டுத் தடவிப் பார்த்தான், கண்ணை நம்பாமல்.

சமையலறையில் போன் சார்ஜில் கிடந்தது. இவன் அழைத்த அழைப்புகள் அதன் முகத்தில் வரிசையாக நின்றன. படுக்கையறையில் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. குளியலறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, உள்ள இருக்கீங்களா?"

சொட்டு. இன்னொரு சொட்டு. கதவுக் கைப்பிடியில் கை வைத்தான். அதை அமுக்க முடியவில்லை. அமுக்காதவரைக்கும் மறுபக்கத்தில் எதுவும் நடந்திருக்கவில்லை. பலகையில் மூன்று வார்த்தைகள் எழுதி உலகத்தையே நிறுத்துப் பார்த்தவன், ஒரு குளியலறைக் கதவுக்கு முன்னால் சின்னப் பிள்ளைபோல நின்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான்.

வாளி, துண்டு, ஈரத் தரை. யாரும் இல்லை.

அப்போதுதான் வாசலைப் பார்த்தான். மாமனாரின் செருப்பு இல்லை. விழுங்கிவிட்டு, மூச்சு முட்டி, உதவி தேடி வெளியே போயிருக்கிறார். எந்தப் படியில் விழுந்து கிடக்கிறாரோ. இவன் வந்த படியில் இல்லை. பின்பக்கப் படிகளில் இறங்கி ஓடினான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு காலை, ஒரு வேட்டி நுனியை எதிர்பார்த்து இறங்கினான். படிகள் தரைத்தளத்தில், செக்யூரிட்டியின் அறைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டன. அங்கே பேச்சுக் குரல் கேட்டது.

"நேத்துவரைக்கும் வழவழன்னு இருந்துச்சுங்கய்யா," என்றது செக்யூரிட்டியின் குரல். "இன்னிக்கு நடுவுல கோடு போட்டிருக்கு."

"கம்பெனிக்காரன் புதுசா போட்டிருப்பான்யா. நீ பேரைப் படி. கண்ணாடியை மேலயே விட்டுட்டேன்."

"அட்டையில உள்ளதைப் படிச்சுட்டேங்கய்யா. ஆனா இது அந்த அட்டையில இருந்ததுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பயமா இருக்கு. அம்மா வரட்டுமே."

"அவ வர சாயங்காலம் ஆகும். மாப்ள வெச்சது எப்படித் தப்பா இருக்கும்? அவர் நியாயம் தர்மமெல்லாம் காலேஜ்ல போதிக்கிறவரு." மாமனாரின் கை மேலே போனது.

விரிவுரையாளன் அந்த மணிக்கட்டைப் பிடித்தான். கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டான். மாத்திரை கீழே விழுந்து, உருண்டு, செக்யூரிட்டியின் பூட்ஸ் அருகே படுத்தது. கோடு மேலே தெரிந்தது.

"மாப்ள? காலேஜ் இல்லையா இன்னிக்கு?"

அவன் கையைத் திறந்து, வியர்வையில் ஓரம் கரைந்துபோயிருந்த மதிய மாத்திரையைக் காட்டினான்.

"மாத்தி வெச்சுட்டேன் மாமா. நான்தான். அது காலை மாத்திரை."

மாமனார் கீழே கிடந்ததைப் பார்த்தார். இவன் கையில் இருந்ததைப் பார்த்தார். மெல்லப் போய் செக்யூரிட்டியின் நாற்காலியில் உட்கார்ந்தார். விரிவுரையாளன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"தினமும் இங்க வருவீங்களா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"மழை பெஞ்சா வர மாட்டேன்," என்றார் அவர். பிறகு, "மழை பெஞ்சா இவன் மேல வருவான்," என்றார்.

"ஆனா காலையில என்கூடச் சேர்ந்து சிரிச்சீங்களே."

"சிரிக்கிறப்ப நீங்க எல்லாம் பக்கத்துல இருக்கீங்க. மதியம் அந்தப் பெட்டியும் நானும்தான் இருக்கோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாதீங்க மாப்ள. ஆயுசுக்கும் ஓட்டுவா."

"என்னையா, உங்களையா?"

"நம்ம ரெண்டு பேரையும்தான்."

போன் அடித்தது. துறைத் தலைவர்.

"வகுப்பை விட்டு ஏன் போனீங்க?" குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாதது மோசம்.

நல்ல காரணங்கள் வரிசையில் நின்றன. குடும்ப அவசரம் என்று சொல்லலாம், கடமை என்றும் சொல்லலாம்; உடனே ஓடிவந்த ஒரு நல்ல மனிதனாக இந்தக் கதையில் அவனை அழகாக உட்கார வைக்கவும் முடியும். அவன் தரையில் கிடந்த மாத்திரையைப் பார்த்தான்.

"பயந்துட்டேன் மேடம்."

"எதுக்கு?"

"தப்புப் பண்ணிட்டேன்னு. பண்ணித்தான் இருந்தேன்."

"யாருக்காவது ஏதாவது?"

"இல்ல மேடம். ஒரு நூலிழை."

"சரி. நிரந்தரம் பத்திக் குழுதான் சொல்லணும். நான் பார்த்ததை அப்படியே சொல்வேன், கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன். பலகையில நீங்க எழுதினது இன்னும் அப்படியே இருக்கு. நாளைக்கு வந்து மிச்சத்தை முடிங்க. அந்த ஜன்னலோரப் பையன் பதிலுக்காகக் காத்திருக்கான்."

மனைவி வந்தபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மாமனார் டிவிக்கு முன்னால், இதுவரை யாரும் பார்க்காத கவனத்தோடு ஒரு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரிவுரையாளன் மேசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் பெட்டி, அட்டைகள், மாமனாரின் மூக்குக்கண்ணாடி. இரவு அறை காலியாக இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தான் என்று தெரியவில்லை. ஒரு மாத்திரையைக்கூடப் பிதுக்கியிருக்கவில்லை.

அவள் பையைக் கழற்றினாள். மேசையைப் பார்த்தாள். மாமனாரின் முதுகைப் பார்த்தாள். கணவனுடைய விரல்களைப் பார்த்தாள். அவை மேசைவிளிம்பைப் பிடித்திருந்தன.

"என்ன ஆச்சு?"

"சொல்றேன். முதல்ல கொஞ்சம் இப்படி வா."

"எதுக்கு?"

"சும்மா. எதிர்ல நில்லு."

அவள் வந்து எதிரில் நின்றாள். அவன் இரவு மாத்திரையை உள்ளங்கையில் பிதுக்கினான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அட்டையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், யாருக்கும் கேட்காத குரலில், உதடு மட்டும் அசைய அதன் பெயரைப் படித்தான்.

அவள் திருப்பிச் சொல்லவில்லை. காத்திருந்தாள்.

"சத்தமா," என்றாள்.

அவன் சத்தமாகப் படித்தான்.